செம்மண் மேட்டுல உடைஞ்ச ஈட்டி வரிசை: பிட்னா போர் ஷோவுக்கு என் 4 ஸ்டார்

ஈர்க்குச்சிக்காகவும் மூங்கிலுக்காகவும் மட்டுமே போகலாம், அத முதல்லயே சொல்லிடுறேன். காரைக்குடி பக்கம் பழைய வளவு வீடு ஒண்ண எடுத்து சாயந்திர நேரத்துல ஏதாவது ஒரு பழைய காலத்து போர மணல் பரப்பி நடத்தி காட்டுறாங்கல்ல, அதுல நாங்க பாத்தது பிட்னா. ரோம் படையும் மாசிடோனியா படையும் கி.மு. 168ல மோதுனது. பெரியவங்களுக்கு 600 ரூபாய், சின்ன பிள்ளைகளுக்கு 300, இடைப்பலகாரமும் ராத்திரி சாப்பாடும் அதுலயே அடக்கம். நான், எங்க ஆத்தா, அக்கா பிள்ளைக ரெண்டு பேரு போனோம். பசங்களுக்கு இது என்ன போருன்னே தெரியாது, எனக்கும் அலெக்சாண்டர் ஊரு மாசிடோனியாங்குறத தாண்டி பெருசா தெரியாது, வந்து படிச்சு பாத்துட்டு தான் இத எழுதுறேன்.

வளவு வாசல்ல, வானம் தெரியுற இடத்துல, மணல் கொட்டி சமன் பண்ணிருக்காங்க. ஒரு ஓரம் நீலக் கோலப்பொடி, அது கடல். எதிர் ஓரம் செம்மண்ண குவிச்சு மேடாக்கி ஒலிம்பஸ் மலையோட அடிவாரம்னு வச்சிருக்காங்க. நடுவுல ரெண்டு சின்ன ஆறு, கோடை ஆனதால முழங்கால் தண்ணி தான்னு சார் சொன்னாரு (நடத்துறவரு ஓய்வு பெற்ற வரலாறு வாத்தியாரு, எல்லாரும் சார்னு தான் கூப்பிடுறாங்க). குதிரையும் யானையும் நம்ம ஊரு வேளார்கிட்ட சொல்லி செஞ்சது, புரவி எடுப்புக்கு செய்வாங்களே அதே கையி, உள்ளங்கை அளவுல, சுட்ட மண்ணு. சும்மா சொல்லக்கூடாது, அந்த யானைக்கே தனியா காசு கொடுக்கலாம், விக்கிறீங்களான்னு கேட்டேன், இல்லைன்னுட்டாரு.

மாசிடோனியாவோட ஈட்டிப்படை தான் விசேஷம். தென்னை ஈர்க்கு சீவி, கட்டு கட்டா கட்டி, மரப்பலகைல சொருகி நிறுத்திருக்காரு. ஒரு கட்டு 256 பேரு, பதினாறுக்கு பதினாறு, அவங்க நெசத்துலயும் அப்படித்தான் பிரிச்சு நின்னாங்களாம். ஈட்டிப்படை மட்டும் 20,000 பேருக்கு பக்கம், அப்ப கிட்டத்தட்ட எண்பது கட்டு, எல்லாத்தையும் ஒரே வரிசையா நிறுத்துனப்ப வளவுல ஒரு கோடில இருந்து மறு கோடி வரைக்கும் ஈர்க்கு தான். எதிர்ல ரோமன் ஆளுக புளியங்கொட்டை. ஆமா புளியங்கொட்டை, சின்ன சின்ன குவியலா, குவியலுக்கு குவியல் இடம் விட்டு. ஏன் இடம் விட்டு வச்சிருக்காருன்னு அப்ப யாரும் கேக்கல, அது தான் கடைசில மொத்த கதையும்.

கதைய சொல்ற விதத்துல அவர அடிச்சுக்க ஆளில்ல. 171ல ஆரம்பிச்ச சண்டை, முதல் மூணு வருசம் ரோமுக்கு ஒண்ணும் ஓடல, குதிரைப்படை சண்டைல மாசிடோனிய ராஜா பெர்சியஸ் ஜெயிக்கக்கூட செஞ்சான். அப்புறம் 168ல எமிலியஸ் பவுலஸ்னு அறுபது வயசுக்கிட்ட ஆன ஒரு பெரியவர ரெண்டாவது தடவையா கான்சலாக்கி (ரோமோட மேல்மட்ட தலைவர் பதவி, படையும் அவர் கைல தான்) அனுப்புறாங்க. அவரு நேரா முட்டாம நாசிகாங்குற அதிகாரிய ஒரு படையோட மலைப்பாதையா சுத்தி அனுப்ப, முதுகுப்பக்கம் ஆள் வந்துட்டான்னு தெரிஞ்சதும் பெர்சியஸ் தன்னோட ஆத்தங்கரை காவல விட்டுட்டு வடக்க பின்வாங்கி பிட்னா கிட்ட தட்டையான நிலமா பாத்து நிக்கிறான். தட்டையான நிலம், இத சார் பத்து தடவையாவது சொல்லிருப்பாரு, எரிச்சலா இருந்துச்சு, பின்னாடி புரிஞ்சுச்சு.

பவுலஸ் வந்து சேந்த அன்னைக்கு எல்லாரும் இப்பவே அடிக்கலாம்னு துடிக்க, அவரு நடந்து களைச்ச படைய வச்சு சண்டை வேணாம்னு முன்வரிசைய மறைப்பா நிறுத்திட்டு பின்னாடி முகாம் போட்டுட்டாரு. அன்னைக்கு ராத்திரி சந்திர கிரகணம். ஜூன் 21. இந்த கிரகணத்த வச்சுத்தான் இன்னைக்கு போர் தேதி ஜூன் 22ன்னு கணக்கு போடுறாங்க, ஏன்னா அப்ப ரோமன் காலண்டர் ரெண்டு மாசத்துக்கு மேல தள்ளி ஓடிக்கிட்டு இருந்துச்சு, அவங்க கணக்குல அது செப்டம்பர். ரோமன் சிப்பாய்க பித்தளை சாமான தட்டி சத்தம் போட்டு, தீவட்டிய வானத்தப் பாத்து தூக்கி காட்டி நிலாவ திரும்ப கூப்பிட்டாங்களாம். எங்க ஆத்தா உடனே, நம்ம வீட்டுல தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கைய நிக்க வைக்கிறோமேப்பா, அவுகளுக்கு உலக்கை இல்ல போலன்னுச்சு. மொத்த கூட்டமும் சிரிச்சுடுச்சு, சாரும் தான். ரோமன் படைல சுல்பிசியஸ் கல்லஸ்னு ஒரு அதிகாரி, இது இயற்கையா நடக்குறது தான், பயப்படாதீங்கன்னு சிப்பாய்களுக்கு விளக்கம் சொன்னாரு, அந்தப்பக்கம் மாசிடோனிய முகாம்ல ராஜாவுக்கு கெட்ட காலம்னு ஒரே புலம்பலு. சார் இந்த இடத்துல லைட்ட அணைச்சிட்டு ஒரு பையன விட்டு தாம்பாளத்த தட்ட விட்டாரு, கொஞ்சம் ஓவரு, ஆனா பிள்ளைகளுக்கு பிடிச்சுச்சு.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் ரெண்டு பக்கமும் சும்மா தான் நிக்கிறாங்க. அப்புறம் ரோமன் பக்கத்துல இருந்து ஒரு குதிரை அத்துக்கிட்டு ஆத்துக்குள்ள ஓட, பிடிக்க மூணு பேரு எறங்க, அந்தக்கரைல மாசிடோனியா பக்கம் நின்ன திரேசியன் காவல்காரங்க குதிரைய தங்க பக்கம் இழுக்க, ஒருத்தன வெட்டி, அதுக்கு இவன் ஆள் கூப்பிட, அவன் ஆள் கூப்பிட, சிராவயல் மஞ்சுவிரட்டுல ஒரு மாடு தட்டி மாறி ஓடுனா கூட்டம் மொத்தமும் அந்தப்பக்கம் சாயுமே அந்த மாதிரி ரெண்டு ராஜ்ஜியமும் சாஞ்சிருச்சு. பவுலஸே சண்டைய மூட்டிவிட வேணும்னு குதிரைய விரட்டிவிட்டாருன்னும் ஒரு கதை உண்டு, சார் ரெண்டையும் சொன்னாரு, இங்க நேர்மையா இருந்தாரு.

இதுக்கப்புறம் ஈர்க்கு நகர ஆரம்பிக்குது. பலகைய தள்ளுறது நம்ம வேலை, ஆள் பிரிச்சு விடுறாங்க, நாங்க மாசிடோனியா. ஒவ்வொரு ஈட்டியும் 14 முழம்னு அந்த காலத்து கிரேக்க வரலாற்று ஆசிரியர் பாலிபியஸ் எழுதிருக்காரு, அப்படின்னா 20 அடிக்கு மேல, முன்னாடி அஞ்சு வரிசையோட முனையும் முதல் ஆளுக்கு முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும், ரோமன் ஆளு ஒருத்தன் கைவீச இடம் வேணும்னு ரெண்டு ஆள் இடத்துல நிப்பான், அப்ப அவனுக்கு நேரா பத்து ஈட்டி. பத்து. கைல குட்டைக் கத்தி. பெலிக்னின்னு இத்தாலி கூட்டாளிப் படை ஒண்ணு அதுல மோதுது, தலைவன் சல்வியஸ் தங்க கொடிய எடுத்து எதிரி கூட்டத்துக்குள்ள வீசிட்டான், கொடிய விட்டுட்டு வர்றது அவமானம், அதனால பின்னாடியே பாஞ்சு பாஞ்சு சாகுறாங்க, ஈட்டிய கத்தியால வெட்டி பாத்தான், கேடயத்தால தள்ளி பாத்தான், வெறுங்கையால பிடிச்சு பாத்தான், ஒண்ணும் ஆகல, கேடயத்தையும் கவசத்தையும் சேத்து குத்திக்கிட்டு போகுது. இத பாத்து பவுலஸ் சட்டைய கிழிச்சுக்கிட்டாருன்னு ஒரு குறிப்பு இருக்கு. அந்த ஈட்டிச் சுவர விட பயங்கரமான காட்சிய வாழ்க்கைல பாத்ததில்லைன்னு பிற்காலத்துல அவரே சொல்லிக்கிட்டு இருந்தாராம், ஆனா அன்னைக்கு தலைக்கவசம் கூட போடாம சிரிச்ச முகமா படைக்கு முன்னாடி குதிரைல போயிருக்காரு. மனுசன் நல்லா நடிச்சிருக்காரு.

இந்த இடத்துல நிறுத்திட்டு எல்லாரையும் பின்கட்டு தாண்டி கொல்லைக்கு கூட்டிட்டு போறாங்க. நான் குடுக்குற நாலு ஸ்டார்ல மூணு இதுக்குத் தான். 20 அடி மூங்கில், ஆளுக்கு ஒண்ணு, விருப்பப்பட்டவங்க இருபத்தஞ்சு பேர அஞ்சு வரிசையா நிறுத்துறாங்க. முதல்ல சமதரைல. ரெண்டு கையாலயும் பிடிச்சு இடுப்பு உயரத்துல நீட்டிக்கிட்டு நடக்கணும், கேடயம் தோள்ல கயித்துல தொங்கும். நடந்து பாத்தா சும்மா கம்பீரமா இருக்கு, எதிர்ல பிளைவுட் கேடயத்தோட வர்ற காலேஜ் பசங்க கிட்டயே வர முடியல, நாங்க ஒரே கூச்சல். அப்புறம் சார் மெதுவா, அப்படியே நேரா போங்கன்னாரு. நேரா போனா அங்க செம்மண் மேடு, ஒரு சின்ன வாய்க்கா, ரெண்டு மூணு வேம்பு. அவ்ளோ தான். மேட்டுல ஏறுனவன் மூங்கில் வானத்த பாக்குது, வாய்க்கால்ல எறங்குனவன் மூங்கில் தரைல குத்துது, மரத்துக்கு ஒதுங்குனவன் பக்கத்து ஆள இடிக்கிறான், எனக்கு முன்னாடி நின்ன ஒரு ஐயா மூங்கில கீழ போட்டுட்டு செருப்ப தேடுறாரு. நடுவுல ஒரு சந்து விழுந்துச்சு. அந்த சந்துல ஒரே ஒரு பையன் மரக்கத்தியோட நுழைஞ்சான், அவ்ளோ தாங்க, 20 அடி கம்ப வச்சுக்கிட்டு பக்கத்துல வந்து நிக்கிறவன என்ன பண்றது, திரும்பவும் முடியாது, திரும்புனா நம்ம ஆளு மண்டை உடையும். என் அக்கா மகன் "அம்மான், கம்ப கீழ போடுங்க அம்மான்"னு கத்துறான், போடாம நின்னா விலாவுல மரக்கத்தி.

இதத் தான் பவுலஸ் கண்டுபிடிச்சது. பெலிக்னிய துரத்திக்கிட்டு ஈட்டிப்படை மலையடிவாரம் பக்கம் முன்னேற முன்னேற தரை மேடு பள்ளம், வரிசை ஒரு இடத்துல முன்ன போகுது, ஒரு இடத்துல பின் தங்குது, சந்து சந்தா விழுது. மொத்தமா மோதாதீங்க, சின்ன சின்ன கூட்டமா பிரிஞ்சு ஒவ்வொரு சந்துலயும் புகுந்துருங்கன்னு உத்தரவு. புளியங்கொட்டைய குவியல் குவியலா வச்சது இதுக்குத் தான், ரோமன் படை அமைப்பே அந்த மாதிரி தனித்தனியா நகரக்கூடியது. கடல் பக்கம் ரோமன் படையோட யானைக மாசிடோனிய இடது பக்கத்த கலைச்சிருச்சு, யானைய எதிர்க்கன்னே பெர்சியஸ் தனிப்படை பழக்கி வச்சிருந்தான், அது ஒண்ணுக்கும் உதவல. மூணு மணி வாக்குல ஆரம்பிச்ச சண்டை ஒரு மணி நேரத்துக்குள்ள முடிவாயிருச்சு. திரும்ப வளவுக்கு வந்து ஈர்க்கு கட்டுக்குள்ள புளியங்கொட்டைய தள்ளுனப்ப யாருக்கும் விளக்கமே தேவைப்படல, எல்லாருக்கும் கை வலிச்சுக்கிட்டு இருந்துச்சு.

இப்ப அந்த குறைச்ச ஒரு ஸ்டாரு. சார் ரோமன் கட்சி. ஒளிவு மறைவே இல்லாம ரோமன் கட்சி. பெர்சியஸ் சண்டை ஆரம்பிச்ச உடனே சாமி கும்பிடப் போறேன்னு ஊருக்குள்ள ஓடிட்டான், கோழைன்னு ஒரே வரில முடிச்சிட்டாரு. அப்படி எழுதுனது பாலிபியஸ் சரி, ஆனா அவரு ரோமுக்கு பணயமா கொண்டுபோன ஆயிரம் கிரேக்கர்கள்ல ஒருத்தரு, அங்க பவுலஸோட மகனுக்கே நெருங்குன ஆளு. முந்தின நாள் குதிரை உதைச்சு கால்ல அடி, அதோடயே கவசம் இல்லாம களத்துக்கு வந்தான், ஈட்டி உரசிக்கிட்டு போச்சுன்னு இன்னொரு தரப்பும் இருக்கு, பிற்காலத்து கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதிருக்காரு. குதிரை ஓடுன கதைக்கு ரெண்டு தரப்பும் சொன்னவருக்கு ராஜா ஓடுன கதைக்கு மட்டும் ஏன் ஒண்ணு? அதே மாதிரி மாசிடோனியால 20,000 பேருக்கு மேல செத்தாங்க, ரோம்ல வெறும் 100 பேருன்னு அடிச்சு விடுறாரு. அந்த 100க்கும் கீழ 80ன்னு சொன்னது யாரு, களத்துல இருந்த நாசிகாவே தான். ஜெயிச்சவன் கணக்கு. ரோமன் எழுத்தாளர் லிவி எழுதுன வரலாறுல கூட இந்த போரோட நடுப்பகுதில ஏடு காணாம போயிருச்சு, அதையும் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம், ஓட்டையே இல்லாத மாதிரி வழவழன்னு சொல்லிட்டு போறது கேக்க நல்லா இருக்கு, அவ்ளோ தான்.

இன்னொண்ணு, காசு விஷயம் வந்தப்ப கூட்டமே நிமிந்து உக்காந்துச்சு, அத அவரு இன்னும் இழுத்திருக்கணும். பெர்சியஸ் இலிரியா ராஜா கெந்தியஸுக்கு 300 தாலந்து (அந்த காலத்து எடை அளவு) வெள்ளி தர்றேன்னு பேசி, முன்பணமா 10 மட்டும் குடுத்து, அவன் ரோமன் தூதர்கள பிடிச்சு சிறைல போட்டு இனிமே பின்வாங்க முடியாதுன்னு ஆனதும் மிச்சத்த குடுக்காம நிறுத்திட்டான். கூலிக்கு சண்டை போட வந்த பாஸ்டார்னே ஆளுக 10,000 குதிரை, 10,000 காலாள், காசு எங்கன்னு கேட்டா அஞ்சாயிரம் பேரு போதும்னு பேரம், அவங்க திரும்பி போயிட்டாங்க. எனக்கு பக்கத்துல உக்காந்திருந்த பெரியவரு, குடும்பம் பினாங்குல பெட்டியடி (வட்டிக்கடை) வச்சிருந்தவங்களாம், "முன்பணத்துல பத்த மட்டும் வாங்கிக்கிட்டு தூதர்கள பிடிச்சான் பாருங்க, அவன் தான் மடையன்"னாரு. சேத்து வச்ச காசு எங்க போச்சுன்னா ரோம் கஜானாக்கு. அந்த வருமானம் வந்ததும் ரோமன் குடிமக்களுக்கு நேரடி வரியையே நிறுத்திட்டாங்க, நூறு வருசத்துக்கு மேல வசூலிக்கல. நம்ம ஊரு கூட்டத்துக்கு இத விட நல்ல பகுதி கிடையாது, அஞ்சு நிமிசத்துல தாண்டிட்டாரு.

சண்டைக்கு அப்புறம் நடந்ததெல்லாம் அதவிட வேகம். ரோம்ல மூணு நாள் வெற்றி ஊர்வலம், பெர்சியஸையும் அவன் சின்ன பிள்ளைகளையும் நடத்தி கூட்டிட்டு போனாங்க, ரெண்டு பையன் ஒரு பொண்ணு. ஆத்தா குறுக்க, "ஏந்தம்பி, பெரியவன நடத்துனான் சரி, பிள்ளைகள எதுக்கு நடத்துனான்?"னு கேட்டுச்சு. சார், "அது அந்த கால வழக்கம் ஆச்சி"ன்னுட்டு அடுத்ததுக்கு போயிட்டாரு. அந்த பிள்ளைகள பாத்து ரோமன் சனமே அழுதுச்சுன்னு எழுதி வச்சிருக்கு, பவுலஸோட சொந்த பையன்கள்ல ஒருத்தன் ஊர்வலத்துக்கு அஞ்சு நாள் முன்னாடியும் இன்னொருத்தன் மூணு நாள் பின்னாடியும் செத்துப்போனாங்க, இதெல்லாம் சொல்லிருந்தா ஆத்தா கேள்விக்கு பதிலா இல்லாட்டியும் ஒரு மரியாதையா இருந்திருக்கும். அப்புறம் மாசிடோனியாவுக்கு பக்கத்து நாடு எபிரஸ், 70 ஊரு, ஒரே நாள்ல கொள்ளை, ஒண்ணரை லட்சம் பேரு அடிமை. இது ஒரு வாக்கியமா வந்துச்சு, அதுவும் சாப்பாட்டுக்கு இலை போட்டாச்சுன்னு உள்ள இருந்து குரல் வந்த நேரத்துல. மாசிடோனியாவ நாலு துண்டா பிரிச்சதும் அப்படித்தான், எந்திரிச்சு நடந்துக்கிட்டே கேட்டோம்.

சாப்பாடு பத்தி குறை இல்ல. இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப்பணியாரம் வரமிளகா சட்னி, ஆத்தாவே ரெண்டாவது வாங்கி சாப்பிட்டுச்சுன்னா பாத்துக்கங்க, அது வெளி பணியாரத்த வாய்ல வைக்காது. ராத்திரி இலைச்சாப்பாடு, மண்டி நல்லா இருந்துச்சு, கடைசில கவுனி அரிசி. சைவம் மட்டும் தான், கோழிக்கொழம்ப நெனச்சுக்கிட்டு போகாதீங்க. கழிப்பறை சுத்தம். வண்டி நிறுத்த எதிர்ல பொட்டல் இருக்கு. ஆரம்பிக்க அரை மணி நேரத்துக்கு மேல லேட்டு, அதுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல. வளவு வாசலச் சுத்தி தாழ்வாரத்துல பாய் தான், முட்டி வலிக்காரங்களுக்கு நாற்காலி கேட்டா தருவாங்க, ஆனா நாற்காலி பின்னாடி போடுறாங்க, பின்னாடி இருந்து மணல் தெரியாது. மைக் வேண்டாம்னு சார் பிடிவாதம், கல்தூணுக்கு அந்தப்பக்கம் உக்காந்தவங்களுக்கு பாதி கேக்கல. கொசு உண்டு.

பக்கம் பிரிக்கும்போது மாசிடோனியா கேளுங்க. எல்லாரும் ஜெயிக்கிற கட்சின்னு ரோமுக்கு ஓடுறாங்க, ரோமன் பக்கம் பாதி நேரம் புளியங்கொட்டைய வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கணும். மூங்கில் பிடிக்கிறதுக்கு பத்து பன்னெண்டு வயசாவது இருக்கணும், சின்னதுகளுக்கு மரக்கத்தி தர்றாங்க, எங்க சின்னவ அத வச்சுக்கிட்டு தான் என்ன குத்துனதுலயே மூணு குத்து. புக்கிங் போன்ல, காசு ஜிபே. இந்த போருக்கு 29 வருசம் முந்தி, கி.மு. 197ல சைனோசெஃபலேங்குற குன்றுகள்ல பெர்சியஸோட அப்பா ஐந்தாம் பிலிப் இதே ஈட்டிய வச்சுக்கிட்டு தோத்தத அடுத்து போடப்போறதா சொன்னாங்க, அதுல ஒரு ரோமன் அதிகாரி இருபது சின்னப்படைய பிரிச்சு எடுத்துக்கிட்டு பின்பக்கமா வந்து அடிச்சாரு, மூங்கில் வச்சு அத எப்படி காட்டுவாங்கன்னு பாக்கணும். மழை பேஞ்ச நாள்ல கொல்லை சேறாயிரும், அன்னைக்கு மூங்கில் பகுதி கிடையாது, ஆனா டிக்கெட் அதே 600 தான், அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு கேட்டுட்டு போங்க.